செல்வி ‘பி’ வழக்கு: வேண்டாம் என்ற நோயாளியும் கேட்க மனம் வராத மருத்துவமனையும்

2002 மார்ச் 22 அன்று இங்கிலாந்து உயர் நீதிமன்றக் குடும்பப் பிரிவின் தலைவர் டேம் எலிசபெத் பட்லர்-ஸ்லாஸ் ஒரு தீர்ப்பு சொன்னார். ஒரு மருத்துவமனை தன் நோயாளியான செல்வி பிக்கு 100 பவுண்டு இழப்பீடு தர வேண்டும். பேருக்கு ஒரு தொகை, அவ்வளவுதான். மருந்து மாறிப்போய்விட்டது, கவனக்குறைவு நடந்துவிட்டது என்று யாரும் புகார் சொல்லவில்லை. ஐசியுவில் அந்த நோயாளியை மிக நன்றாகவே கவனித்தார்கள். அவர் வேண்டாம் என்று சொன்ன பிறகும் கவனித்துக்கொண்டே இருந்தார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு.

வாழ்வின் இறுதிக்கட்டச் சிகிச்சை பற்றிப் பேச்சு வந்தால் சுயநினைவு இழந்தவர்களின் வழக்குகள்தான் முதலில் நினைவுக்கு வரும். நியூஜெர்சியின் கேரன் குவின்லன், மிசூரியின் நான்சி குரூசன், இங்கிலாந்தின் டோனி பிளாண்ட், மும்பையின் அருணா ஷான்பாக். அந்த வழக்குகளில் எல்லாம் இவருக்காக யார் பேசுவது என்பதுதான் பெரிய கேள்வி. செல்வி பி வழக்கில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. அவர் தானே பேசினார், தெளிவாகப் பேசினார், திரும்பத் திரும்பப் பேசினார். நோயாளியின் தன்னுரிமை நடைமுறையில் எங்கே போய் மாட்டிக்கொள்கிறது என்று பார்க்க இதைவிடச் சுத்தமான வழக்கு கிடைப்பது அரிது. மற்ற வழக்குகளைக் குழப்பும் விஷயங்கள் இதில் இல்லை. சண்டை போடும் உறவினர்கள் இல்லை, பணப் பிரச்சினை இல்லை, கெட்ட மருத்துவரும் இல்லை.

நோயும் உயிலும்

அவருடைய பெயரை வெளியிட நீதிமன்றம் தடை விதித்திருந்ததால் ஆவணங்களில் அவர் ‘செல்வி பி’. மருத்துவமனையின் பெயரும் தீர்ப்பில் இல்லை. சமூகப் பணித் துறையில், பயிற்சிப் பொறுப்பில் உயர்ந்த நிலையில் இருந்தவர். வயது நாற்பதுகளின் தொடக்கம், திருமணம் ஆகாதவர்.

1999 ஆகஸ்டில் அவருடைய கழுத்துப் பகுதித் தண்டுவடத்தில் இரத்தக் கசிவு ஏற்பட்டது. காரணம் கேவர்னோமா. சுவர் மெலிந்த நுண் இரத்தக் குழாய்கள் ஓரிடத்தில் கொத்தாகச் சேர்ந்திருக்கும் நிலை அது. பல ஆண்டுகள் சும்மா இருக்கும், திடீரென்று கசியும். மறுபடியும் கசிய வாய்ப்பு உண்டு என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அடுத்த மாதமே, செப்டம்பர் 4 அன்று, அவர் ஒரு வாழும் உயில் எழுதிவைத்தார். தன்னால் அறிவுறுத்தல் தர முடியாத நிலை வந்து, உயிருக்கு ஆபத்தான நோயோ, நிரந்தர மனத்திறன் பாதிப்போ, நிரந்தர நினைவிழப்போ இருந்தால் சிகிச்சையை விலக்கிக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம்.

அப்புறம் உடல் தேறி வேலைக்குத் திரும்பினார். 2001 தொடக்கத்தில் மறுபடியும் கசிவு. பிப்ரவரியில் மருத்துவமனையில் சேர்ந்த சில நாட்களுக்குள் கழுத்துக்குக் கீழே எல்லாம் செயலிழந்துவிட்டது. மூச்சுவிட உதவும் தசையான உதரவிதானத்தை இயக்கும் நரம்பு கழுத்துத் தண்டுவடத்திலிருந்துதான் கிளம்புகிறது. அங்கே அடிபட்டால் மூச்சும் போகும். வெண்டிலேட்டர் வைத்தார்கள்.

உயிலை எடுத்துக் காட்டியபோது மருத்துவர்கள் தந்த பதில் முக்கியமானது. இதில் எழுதியிருப்பது போதுமான அளவு குறிப்பாக இல்லை, இதை வைத்து வெண்டிலேட்டரை நிறுத்த முடியாது என்றார்கள். அது தவறான வாசிப்பு என்று சொல்லிவிட முடியாது. உயில் நினைவிழப்பைப் பற்றிப் பேசியது, அவருக்கோ நினைவு தப்பவில்லை. முன்கூட்டியே எழுதிவைக்கும் எந்த ஆவணத்துக்கும் இந்தப் பலவீனம் உண்டு. நாம் பயந்த மாதிரியே நோய் வரும் என்ற உத்தரவாதம் இல்லை. அவர் மூளை போய்விடுமோ என்று பயந்து எழுதினார். போனது உடல்.

மார்ச் 24 அன்று அறுவை சிகிச்சை நடந்தது. தலையைக் கொஞ்சம் அசைக்கவும் பேசவும் முடிந்தது. மருத்துவர்கள் பார்வையில் அது முன்னேற்றம். அவர் எதிர்பார்த்தது அதைவிட நிறைய. வெண்டிலேட்டரை நிறுத்திவிடுங்கள் என்று கேட்டார்.

திறன் உண்டா இல்லையா

2001 ஏப்ரலில் மனநல மருத்துவர்கள் வந்து பரிசோதித்தார்கள். அவருக்கு முடிவெடுக்கும் திறன் உண்டு என்று முதலில் சொன்னார்கள். வெண்டிலேட்டரை நிறுத்துவதற்கான ஏற்பாடுகள் தொடங்கின. பிறகு கருத்து மாறியது, திறன் இல்லை என்றார்கள். ஏற்பாடுகள் கைவிடப்பட்டன. நான்கு மாதம் கழித்து, ஆகஸ்ட் 8 அன்று, வெளியிலிருந்து வந்த ஒரு மனநல நிபுணர் தனியாகப் பரிசோதித்துத் திறன் உண்டு என்றார். அதன் பிறகு மருத்துவமனையும் அவரைத் திறன் உள்ளவராகவே நடத்தியது. ஆனால் வெண்டிலேட்டர் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். வழக்கின் உயிர்நாடி இங்கேதான்.

முடிவெடுக்கும் திறன் என்பது சட்டத்தில் மிக எளிய விஷயம். சொல்லப்படும் தகவலைப் புரிந்துகொள்கிறாரா, நினைவில் வைத்துக்கொள்கிறாரா, நம்புகிறாரா, எடைபோட்டு ஒரு முடிவுக்கு வருகிறாரா. இங்கிலாந்தில் இந்த அளவுகோல் உருவானது ஒரு வினோதமான வழக்கில். பிராட்மூர் பாதுகாப்பு மருத்துவமனையில் மனச்சிதைவு நோயோடு இருந்த 68 வயதுக்காரர் ஒருவருக்குக் காலில் அழுகல். காலை எடுக்காவிட்டால் பிழைப்பது கடினம் என்றார்கள் மருத்துவர்கள். அவர் முடியாது என்றார். தன்னை உலகப் புகழ் பெற்ற மருத்துவராக நம்பிக்கொண்டிருந்தவர் அவர். அப்படிப்பட்டவருக்கும் இந்தக் குறிப்பிட்ட முடிவை எடுக்கும் திறன் இருக்கிறது, அவர் சம்மதமில்லாமல் காலை எடுக்கக் கூடாது என்று நீதிபதி தார்ப் சொல்லிவிட்டார். கால் எடுக்காமலே அவர் பிழைத்தார் என்பது தனிக் கதை. அவர் இறந்திருந்தாலும் தீர்ப்பு சரிதான்.

அதற்குச் சற்று முன்னால், 1992-ல், நீதிபதி லார்ட் டொனால்ட்சன் இன்னொரு வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போயிருந்தார். நோயாளி சொல்லும் காரணம் அறிவுக்குப் பொருந்தினாலும் பொருந்தாவிட்டாலும், யாருக்கும் தெரியாவிட்டாலும், காரணமே இல்லாவிட்டாலும் மறுக்கும் உரிமை இருக்கிறது என்றார். ஆக 2001-ல் சட்டம் தெளிவாகவே இருந்தது. அது மருத்துவமனைக்குத் தெரியாமலும் இல்லை.

பிறகு ஏன் இத்தனை மாதம் இழுத்தது? ஒருவருக்குத் திறன் இருக்கிறதா என்று யாரும் பொதுவாகச் சோதிப்பதில்லை. மருத்துவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டும் நோயாளியை மனநல மருத்துவரிடம் அனுப்புகிறார்களா? மறுத்தால்தான் அனுப்புகிறார்கள். அதுவும் உயிர் போகும் அளவுக்கு மறுத்தால் நிச்சயம் அனுப்புகிறார்கள். சோதனை தொடங்கும்போதே இந்த முடிவு சரியில்லை என்ற எண்ணம் அறைக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறது. முடிவு பிடிக்கவில்லை என்பதும் முடிவெடுக்கத் தெரியவில்லை என்பதும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. யாரும் வேண்டுமென்று கலப்பதில்லை. அதனாலேயே அதைப் பிரித்தெடுப்பது கடினம்.

வழக்கு விசாரணையில் இதற்கு அருமையான உதாரணம் ஒன்று வந்தது. ஒரு மனநல மருத்துவர் சாட்சியம் சொன்னார்: செல்வி பி தண்டுவட மறுவாழ்வு மையத்துக்கே போனதில்லை. அங்கே வாழ்க்கை எப்படி இருக்கும் என்ற அனுபவம் இல்லாதவர் அதை எப்படி மறுக்க முடியும்? அனுபவம் இல்லாததால் இந்த விஷயத்தில் அவருக்குத் திறன் போதாது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் யோசித்தால் ஓட்டை தெரியும். காலை எடுக்க வேண்டுமா என்று கேட்கும்போது, ஒரு காலோடு வாழ்ந்து பார்த்துவிட்டு வந்து பதில் சொல் என்று யாரும் சொல்வதில்லை. மருத்துவத்தில் பெரும்பாலான முடிவுகள் அனுபவத்துக்கு முன்னால்தான் எடுக்கப்படுகின்றன. நீதிபதியும் அந்த வாதத்தை ஏற்கவில்லை.

ஒருவழிப் பாதை

மருத்துவமனை சும்மா இருக்கவில்லை. ஒரு சமரசம் முன்வைத்தது. வெண்டிலேட்டரை ஒரேயடியாக நிறுத்துவதற்குப் பதில், அது தரும் மூச்சின் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வருவது. வழக்கமாக வெண்டிலேட்டரிலிருந்து நோயாளியை விடுவிக்கும்போதும் இப்படித்தான் செய்வார்கள். நோயாளி திணறினால் மறுபடி கூட்டிவிடுவார்கள். இதில் அந்தத் திரும்பும் வழி கிடையாது. குறைத்தது குறைத்ததுதான். உடல் தானாக மூச்சுவிடப் பழகினால் சரி, பழகாவிட்டால் மரணம்.

செல்வி பி மறுத்துவிட்டார். வாரக்கணக்கில் இழுக்கும், மூச்சு முட்டும், வேதனையைத் தணிக்க வழி சரியாக இருக்காது என்பது அவருடைய பயம். என் பார்வையில் இந்தத் திட்டம் யாருக்காக வகுக்கப்பட்டது என்பது பட்டவர்த்தனம். நோயாளியின் உடலுக்கு இது மோசமான வழி. முன்னதாக மயக்க மருந்து தந்து, மூச்சுத் திணறல் தெரியாமல் செய்துவிட்டு வெண்டிலேட்டரை விலக்குவது மருத்துவ ரீதியாக எவ்வளவோ மென்மையானது. ஆனால் மெல்லக் குறைக்கும் வழியில், நான்தான் நிறுத்தினேன் என்று யாரும் சொல்லிக்கொள்ளும் தருணம் வராது. மருத்துவர்களின் மனச்சுமையைக் குறைக்க நோயாளியின் சுவாசச் சுமையைக் கூட்டுவது என்று சொன்னால் கடுமையாகத் தெரியலாம். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த மருத்துவர்களை வில்லன்களாக்கவும் முடியாது. அவர்கள் மாதக்கணக்கில் தினமும் அவரோடு பேசிப் பழகியவர்கள். அவரைப் பிடித்துப்போனவர்கள். ஒரு மருத்துவர், செல்வி பியைக் கொல்லும்படி தன்னிடம் சொல்வதுபோல உணர்வதாக நீதிமன்றத்தில் சொன்னார். ஐசியுவில் வெண்டிலேட்டரை விலக்குவது அவர்களுக்குப் புதிதான காரியம் அல்ல. ஆனால் அந்த நோயாளிகள் எல்லாம் ஏற்கெனவே போய்க்கொண்டிருப்பவர்கள், நினைவு தப்பியவர்கள். இவரோ கண்ணைப் பார்த்துப் பேசுகிறார். வெண்டிலேட்டர் இருந்தால் பல ஆண்டுகள் வாழக்கூடியவர். உறவு வளர வளர மருத்துவருக்கு அவர் சொல்வதைக் கேட்பது கடினமாகிக்கொண்டே போனது.

தீர்ப்பு

2002 மார்ச்சில் விசாரணை. நீதிபதி மருத்துவமனைக்கே போய்ப் படுக்கையருகே அவருடைய சாட்சியத்தைக் கேட்டார். இது வெறும் சலுகை அல்ல. திறன் பற்றிய வழக்கில் நோயாளியை நேரில் கேட்காமல் நிபுணர்களின் அறிக்கைகளை மட்டும் வைத்து முடிவெடுப்பது, வழக்கின் பிரச்சினையையே மறுபடியும் செய்வதாக ஆகிவிடும்.

2001 ஆகஸ்ட் 8 முதல் அவருக்கு முழுத் திறன் இருந்திருக்கிறது, அன்றிலிருந்து தந்த சிகிச்சை உடல்மீதான அத்துமீறல் என்பதே முடிவு. தடுமாறினாரே, ஒரு கட்டத்தில் மனம் மாறுவதுபோலத் தெரிந்ததே என்ற வாதத்துக்கும் நீதிபதி பதில் சொன்னார். தடுமாற்றம் இருப்பது இயல்பு. திறனையே வேரோடு ஆட்டிவைக்கும் தடுமாற்றம் என்றால்தான் அது சட்டத்தில் கணக்கில் வரும். என்னைக் கேட்டால், சாவா வாழ்வா என்ற கேள்வியில் ஒருமுறைகூடத் தடுமாறாதவரைப் பார்த்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

மருத்துவர்களுக்கு நீதிபதி வகுத்த வழிகாட்டுதல்களில் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். முடிவின் விளைவு எவ்வளவு பயங்கரமாக இருந்தாலும் அதைத் திறன் பற்றிய கேள்வியோடு குழப்பக் கூடாது. நோயாளியின் மதிப்பீடுகள் உங்களுடையவற்றிலிருந்து வேறாக இருக்கலாம், அதைத் திறனின்மை என்று படிக்கக் கூடாது. மூன்றாவதுதான் நடைமுறையில் மிகக் கனமானது. நோயாளிக்குத் திறன் உண்டு என்பதில் கருத்து வேறுபாடு இல்லை, ஆனாலும் அவர் விருப்பத்தை நிறைவேற்றத் தங்களுக்கு மனம் வரவில்லை என்றால், நிறைவேற்றக்கூடிய வேறு மருத்துவர்களைத் தேடித்தருவது அவர்கள் கடமை.

மருத்துவரின் மனச்சாட்சியை நீதிமன்றம் மதித்தது. அவரையே ஸ்விட்சை அணைக்கச் சொல்லவில்லை. ஆனால் என்னால் முடியாது என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் உரிமை இல்லை என்றது. பொறுப்பு தனிமனிதரிடமிருந்து நிறுவனத்துக்குப் போகிறது. 2001 ஆகஸ்டிலேயே நிர்வாகம் வேறு மருத்துவமனையைத் தேடியிருந்தாலோ, சந்தேகம் இருந்தால் தானே நீதிமன்றத்துக்குப் போயிருந்தாலோ வழக்கே வந்திருக்காது. கை கால் அசையாத ஒருவர் படுக்கையிலிருந்து வழக்கறிஞரைப் பிடித்து மருத்துவமனைமீது வழக்குப் போட வேண்டியிருந்தது. திறன் இல்லை என்று சந்தேகிக்கப்பட்டவர் செய்த காரியம் இது.

கடைசியில் நீதிபதி சட்டத்தை விட்டு வெளியே வந்து ஒரு வார்த்தை பேசினார். செல்வி பி மிகச் சிறந்த மனிதர் என்றும், ஒருவேளை முடிவை மறுபரிசீலனை செய்தால் சமூகத்துக்குத் தர அவரிடம் நிறைய இருக்கிறது என்றும், இதைச் சொல்வதற்கு மன்னிக்க வேண்டும் என்ற தொனியில் சொன்னார். தீர்ப்பை விமர்சிப்பவர்கள் சிலர் இதை நீதிபதியின் பலவீனமாகப் பார்க்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உன் முடிவு எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் அது உன் முடிவு என்று ஒரே தீர்ப்பில் இரண்டையும் சொல்ல முடிகிறது. மருத்துவமனையால் முடியாமல் போனது அதுதான்.

செல்வி பி வேறொரு மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார். அங்கே வெண்டிலேட்டர் விலக்கப்பட்டு, 2002 ஏப்ரலில், தூக்கத்தில் இறந்தார்.

அதே மாதங்களில் டயேன் பிரெட்டி

செல்வி பி வழக்கைத் தனியாகப் படித்தால் ஏதோ சட்டம் நோயாளியின் விருப்பத்துக்கு எல்லையே போடவில்லை என்று தோன்றும். அதே காலத்தில் அதே நாட்டில் ஏறக்குறைய அதே வயதுள்ள இன்னொரு பெண்ணின் வழக்கு நடந்தது. டயேன் பிரெட்டிக்கு மோட்டார் நியூரான் நோய். தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்து மூச்சுத் தசைக்கு வரும் நோய். அவரும் தெளிவான மனதோடு இருந்தார், அவரும் சாவை விரும்பினார். ஆனால் நிறுத்துவதற்கு அவரிடம் வெண்டிலேட்டர் இல்லை. கணவர் உதவினால் 1961-ம் ஆண்டின் தற்கொலைச் சட்டப்படி அவருக்கு 14 ஆண்டு வரை சிறை. வழக்குத் தொடர மாட்டோம் என்று உறுதி தாருங்கள் என்று கேட்டார். அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 2001 நவம்பரில் மறுத்தது, ஸ்ட்ராஸ்பர்க்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2002 ஏப்ரல் 29 அன்று மறுத்தது. மே 11 அன்று, எதற்குப் பயந்தாரோ அந்த மூச்சுத் திணறலுக்குப் பிறகு, ஒரு நோய்தணிப்பு இல்லத்தில் இறந்தார்.

இருவருக்கும் இடையில் சட்டம் போட்ட கோடு, செய்வது, செய்யாமல் விடுவது என்ற கோடு. வெண்டிலேட்டரை நிறுத்துவது சிகிச்சையைத் தொடராமல் விடுவது, மரணத்துக்குக் காரணம் நோய். மருந்து தருவது செயல், காரணம் தந்தவர். இந்தக் கோடு எவ்வளவு வழுக்கும் என்பதை 1993-ல் டோனி பிளாண்ட் வழக்கில் நீதிபதி லார்ட் கோஃப் தாமே ஒத்துக்கொண்டார். அதே ஸ்விட்சை வெளியாள் யாராவது வந்து அணைத்தால் அது செயல், மருத்துவர் அணைத்தால் செய்யாமல் விடுவது என்று அவர் சொல்ல வேண்டியிருந்தது. விரல் அசைவு ஒன்றுதான். மாறுவது, அந்த நோயாளியிடம் அணைப்பவருக்கு இருக்கும் கடமை. சம்மதம் விலகியதும் மருத்துவரின் கடமையும் விலகுகிறது.

தத்துவ ஆசிரியர்கள் பலர் இந்தக் கோடு போலி என்கிறார்கள். எனக்கு அவ்வளவு அவசரம் இல்லை. என் உடலைத் தொடாதே என்பதும் எனக்காக இதைச் செய் என்பதும் ஒரே எடையுள்ள கோரிக்கைகள் அல்ல. முதலாவதை மீறினால் வலுக்கட்டாயம், இரண்டாவதை மறுத்தால் வெறும் மறுப்பு. ஆனால் டயேன் பிரெட்டியிடம் போய் இதைச் சொன்னால், சட்டம் தன்னைக் காப்பாற்றியதாக அவர் உணர்ந்திருப்பாரா என்பது வேறு கேள்வி.

உறுத்தும் எதிர் உதாரணம்

செல்வி பி பக்கம் நிற்பவர்கள் வசதியாகத் தவிர்த்துவிடும் ஒரு வழக்கு உண்டு. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் லாரி மெக்காஃபி. 1985-ல் மோட்டார் சைக்கிள் விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். 1989-ல் அம்மாநில உச்ச நீதிமன்றம், வெண்டிலேட்டரை நிறுத்திக்கொள்ளவும் அதற்கு முன் மயக்க மருந்து பெறவும் அவருக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. ஜெயித்த பிறகு அவர் நிறுத்தவில்லை. காப்பீட்டுப் பணம் தீர்ந்து, ஐசியுவிலும் இல்லங்களிலும் மாற்றி மாற்றித் தள்ளப்பட்ட வாழ்க்கையிலிருந்துதான் அவர் தப்பிக்க நினைத்திருந்தார். மாற்றுத்திறனாளிகள் அமைப்பினர் தலையிட்டு, வேறு வசிப்பிடமும் கணினியைக் கையாளும் வழியும் கிடைத்தபோது அவர் வாழத் தேர்ந்தெடுத்தார். 1995 வரை வாழ்ந்தார்.

இது செல்வி பி தீர்ப்பைத் தவறாக்குகிறதா? இல்லை. மெக்காஃபி தன் மனதை மாற்றிக்கொண்டதும் தன்னுரிமைதான். அந்த உரிமை கையில் கிடைத்த பிறகுதான் அவர் மாறினார் என்பதையும் கவனிக்க வேண்டும். ஆனால் மாற்றுத்திறனாளிகள் இயக்கம் கேட்கும் கேள்வியை இது உயிரோடு வைத்திருக்கிறது. உடல் செயலிழந்த ஒருவர் சாகிறேன் என்றால் உலகம் அதை உடனே புரிந்துகொள்கிறது, உடல் நன்றாக இருப்பவர் சொன்னால் தடுக்க ஓடுகிறது. பட்லர்-ஸ்லாஸ் தீர்ப்பு இதற்கு ஒரு வாக்கியத்தில் பதில் தந்தது: கடுமையாக உடல் பாதிக்கப்பட்ட, மனத்திறன் உள்ள நோயாளிக்கு மற்ற எவருக்கும் உள்ள அதே உரிமை உண்டு. உரிமை சமம், சரி. தேர்ந்தெடுக்கக் கிடைக்கும் வழிகள் சமமா என்பதை நீதிமன்றத்தால் சரிசெய்ய முடியாது. அதனால் ஒருவர் வெண்டிலேட்டரை நிறுத்தச் சொன்னால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எதிலிருந்து விடுதலை கேட்கிறார் என்பது. நோயிலிருந்தா, வார்டிலிருந்தா? கேட்பது மரியாதை. பதில் கிடைத்த பிறகும் மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தால் அது தடை.

இங்கிலாந்தில் 2005-ம் ஆண்டின் மனத்திறன் சட்டம் இந்த வழக்குகளின் பாடங்களை எழுத்தில் கொண்டுவந்தது. விவேகமற்ற முடிவு எடுக்கிறார் என்பதற்காக ஒருவரைத் திறனற்றவர் என்று கருதக் கூடாது என்பது அதன் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று. உயிர்காக்கும் சிகிச்சையை முன்கூட்டியே மறுப்பதானால் எழுத்தில், கையெழுத்தோடு, சாட்சியோடு, உயிருக்கு ஆபத்து என்றாலும் பொருந்தும் என்று சொல்லி எழுத வேண்டும். செல்வி பியின் 1999 உயிலில் விடுபட்ட இடத்தை நிரப்பியதுபோல இருக்கிறது.

இந்தியச் சட்டத்தில் வைத்துப் பார்த்தால்

இந்தியாவில் அருணா ஷான்பாக் வழக்கில் 2011-ல் உச்ச நீதிமன்றம் செயலற்ற கருணைக்கொலையை, அதாவது சிகிச்சையை விலக்கி இயல்பாக இறக்க விடுவதை, முதன்முதலாக அனுமதித்தது. 2018 மார்ச் 9 அன்று காமன் காஸ் என்ற தொண்டு அமைப்பின் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியத்தோடு இறப்பதும் உயிர்வாழும் உரிமையைத் தரும் அரசியலமைப்பின் 21-வது பிரிவுக்குள் அடங்கும் என்றது, வாழும் உயிலையும் ஏற்றது. மனத்தெளிவுள்ள வயது வந்தவர் சிகிச்சையை மறுக்கலாம், அதனால் உயிர் போனாலும் சரி என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. உயிலில் நீதித்துறை நடுவர் மேலொப்பம் இட வேண்டும் என்ற விதி நடைமுறையில் யாராலும் தாண்ட முடியாத மதிலாக இருந்தது. 2023 ஜனவரியில் அதைத் தளர்த்தினார்கள். இப்போது இரண்டு சாட்சிகளும் நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியின் ஒப்பமும் போதும்.

ஆனால் அந்த நடைமுறையைப் படித்தால், அது பேச முடியாத நோயாளியை மனதில் வைத்து எழுதப்பட்டது என்பது தெரியும். முதல்நிலை மருத்துவ வாரியம், பிறகு இரண்டாம்நிலை வாரியம், அதில் மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் ஒருவர், குடும்பத்தின் சம்மதம், நடுவருக்குத் தகவல். நோயாளி சொல்ல முடியாதபோது இத்தனை காவல் வேண்டும்தான். செல்வி பி மாதிரி ஒருவர் விழித்துக்கொண்டு, வாய் திறந்து, எனக்கு இது வேண்டாம் என்றால் என்ன செய்வது? கொள்கை தெளிவு. ஆனால் நடைமுறைப் படிகள் அவருக்கென்று எழுதப்படவில்லை. மருத்துவர் பயத்தில் வாரியத்தைக் கூட்டுவார், வாரியம் குடும்பத்தைக் கேட்கும். குடும்பம் முடியாது என்றால், இங்கிலாந்தில் வயது வந்தவரின் விஷயத்தில் உறவினர் சொல்லுக்குச் சட்டபூர்வ எடை இல்லை என்ற விதி இந்திய வார்டில் யாருக்கும் ஆறுதல் தராது. மறுக்கும் மருத்துவர் மாற்று மருத்துவரைத் தேடித்தர வேண்டும் என்ற கடமையும் இந்த வழிமுறைகளில் அந்த அளவுக்கு வெளிப்படையாக இல்லை.

இப்போதைக்கு அப்படிப்பட்ட நோயாளிக்கு உள்ள வழி இதுதான்: மறுப்பைத் தேதியோடு மருத்துவக் குறிப்பேட்டில் பதியச் சொல்வது, மருத்துவமனையைச் சேராத மனநல மருத்துவரின் மதிப்பீட்டை உடனே கேட்பது, மருத்துவமனை இழுத்தடித்தால் அரசியலமைப்பின் 226-வது பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போவது. தேதி ஏன் முக்கியம் என்றால், செல்வி பி வழக்கில் எந்த நாளிலிருந்து சிகிச்சை அத்துமீறலாக மாறியது என்பதைத் தீர்மானித்தது, ஆகஸ்ட் 8 என்று போட்டிருந்த அந்த ஒரு மதிப்பீடுதான்.